பிரபுவுக்குச் சிரிப்பு, பண்ணையாருக்குச் சீட்டி

ஆங்கிலேயப் பிரபுக்களைத் திரையில் எள்ளி நகையாடக் கண்டால் நம்மவர்க்கு உண்டாகும் மகிழ்ச்சி தனிவகையைச் சேர்ந்தது. நம் முன்னோரை நிற்கவைத்துப் பேசியவர்களின் பேரப்பிள்ளைகள், ஒழுகும் மாளிகையையும் ஓட்டைப் பெருமையையும் வைத்துக்கொண்டு திண்டாடுவதைப் பார்க்கையில், பழைய கணக்கு ஒன்று நேர்செய்யப்பட்டது போன்ற நிறைவு நெஞ்சில் எழுகின்றது. அதிலும் கல்கத்தாவில் வாழும் நமக்கு இந்நிறைவு ஒரு படி மிகுதி. 1911 வரையில் அவர்தம் இந்தியப் பேரரசுக்குத் தலைநகராக இருந்த ஊரில் அன்றோ அமர்ந்து பார்க்கின்றோம்! ஆயினும் அச்சிரிப்பு முழுச் சிரிப்புதானா? சிரித்துவிட்டு வீடு திரும்பும் நாம், நம் சொந்தத் திரையில் யாருக்குக் கை தட்டுகின்றோம்? இவ்வினாவை இம்மலரின் வாயிலாக எழுப்ப விரும்புகின்றோம். அன்பர் சிலர்க்குக் கசக்கும். கசந்தாலும் சொல்லியே ஆகவேண்டும்.

முதலில் அவர்கள் கதையைப் பார்ப்போம். 1947ஆம் ஆண்டிலேயே சத்யஜித் ராயும் சிதானந்த தாஸ்குப்தாவும் திரைப்படச் சங்கம் கண்ட நகரம் இது. அத்தகைய சங்கக் காட்சி ஒன்றில்தான், கல்லூரி நாளில், 1949இல் வெளிவந்த ‘கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்’ என்னும் ஆங்கிலப் படத்தைக் கண்டோம். கோமகன் குடும்பத்துப் பெண் ஒருத்தி இத்தாலியப் பாடகன் ஒருவனை மணந்த குற்றத்துக்காக ஒதுக்கப்படுகின்றாள். இறந்த பின்னும் குடும்பக் கல்லறையில் அவளுக்கு இடம் மறுக்கப்படுகின்றது. துணிக்கடையில் வேலை பார்க்கும் அவள் மகன், தனக்கும் கோமகன் பட்டத்துக்கும் நடுவே நிற்கும் உறவினரை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டப் புறப்படுகின்றான். அக்குடும்பத்தார் எட்டுப் பேராகவும் அலெக் கின்னஸ் என்னும் ஒரே நடிகர் தோன்றுகின்றார். எண்மரில் ஒருவர் பெண்மணி. பலூனில் பறக்கும் அவரை அவன் அம்பெய்து வீழ்த்துகின்றான். பிறப்பின் அருமை பேசும் குடும்பத்தில் எல்லா முகமும் ஒரே முகம் என்று காட்டியது நயமான குத்தல்தான். அரங்கமே குலுங்கிச் சிரித்தது, நாமும் சிரித்தோம்.

ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. அந்தத் துணிக்கடை இளைஞன் பட்டத்தை ஒழிப்பதற்காகக் கொலை செய்யவில்லை. தானே பட்டம் சூடுவதற்காகச் செய்தான்.

எழுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, 2023இல் ‘சால்ட்பர்ன்’ என்றொரு படம் வந்தது. குடும்பத்தோடு பார்க்கத் தக்கதன்று. வீட்டார் உறங்கிய பின் கைப்பேசியில் பார்த்தோம் என்பதை ஒளிப்பானேன்? ஆக்ஸ்போர்டில் பயிலும் நடுத்தரக் குடும்பத்து மாணவன் ஒருவன், தன்னை ஏழையென்று பொய்யுரைத்து, செல்வத் தோழனின் மாளிகைக்குள் நுழைகின்றான். அக்குடும்பத்தாரின் பேச்சும் பொழுதுபோக்கும் இரக்கம் என்று அவர்கள் எண்ணிக்கொள்ளும் ஒன்றும் நன்றாகவே கிண்டல் செய்யப்படுகின்றன. முடிவில் குடும்பம் அழிகின்றது; மாளிகை அவன் கைக்கு வருகின்றது; கூடங்கூடமாக ஆடித் திரிகின்றான். கதை தொடங்கிய இடத்திலேயே நிற்கின்றது. அரண்மனைச் சுவரை இடிப்பவன் ஒருவனும் வரவில்லை, குடிபுகுபவனே வந்தான்.

விலக்கு இல்லாமலில்லை. பீட்டர் பார்ன்ஸ் எழுதிய நாடகத்தைக் கொண்டு 1972இல் எடுக்கப்பெற்ற ‘த ரூலிங் கிளாஸ்’ படத்தில், பட்டத்துக்கு வரும் பிரபு தன்னையே அன்பின் கடவுளாகக் கருதிக்கொள்கின்றார். அன்பைப் பேசும் வரையில் அவரைப் பித்தர் என்று உறவினர் பூட்டிவைக்கப் பார்க்கின்றனர். பிறகு அவர் கொலைகாரராக மாறித் தண்டனையின் பெருமையைப் பேசத் தொடங்கியதும், தெளிந்துவிட்டார் என்று பிரபுக்கள் சபை வரவேற்கின்றது. அது சிரிப்பன்று, சூடு. ஆனால் அத்தகைய படம் அங்கும் ஆயிரத்தில் ஒன்று. பெரும்பாலானவை பிரபுவின் உச்சரிப்பைச் சிரிக்கும், கரண்டி பிடிக்கும் முறையைச் சிரிக்கும், வேட்டை நாயைச் சிரிக்கும். மாளிகை எவ்வாறு வந்தது என்று மட்டும் கேட்கமாட்டா.

நாம் கேட்கலாம்; நமக்கு அதற்கான உரிமை உண்டு. 1757இல் பிளாசியில் வென்ற ராபர்ட் கிளைவ், வங்கத்துப் பொருளோடு தாயகம் திரும்பிக் கிளேர்மாண்ட் முதலிய மாளிகைகளையும் நிலங்களையும் வாங்கினார். அவர் மகன் எட்வர்டு கிளைவ், தந்தையின் பட்டத்தைப் பெற்றவர், 1798 முதல் 1803 வரை சென்னையின் ஆளுநராக வீற்றிருந்தார். கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலேறியதும், மருது சகோதரர் 1801இல் தூக்கிலேறியதும் இந்த வாரிசின் ஆட்சியிலேதான். வேல்ஸ் நாட்டிலுள்ள பவிஸ் கோட்டை அவர் மனைவியின் குடும்பச் சொத்து. திப்பு சுல்தானின் கூடாரம் அங்கே கிளைவ் குடும்பத்தின் சேகரிப்பில் இருக்கின்றது. வங்கத்துப் பணம் ஒரு தலைமுறையில் பட்டமாகி, மறு தலைமுறையில் தமிழகத்தை ஆள வந்தது. இதைவிடக் கூர்மையான அங்கதத்தை எந்தத் திரைக்கதை ஆசிரியர் எழுதிவிட முடியும்?

அவர்கள் கொண்டு சென்றது ஒருபுறமிருக்க, விட்டுச் சென்றது மற்றொன்று. 1793இல் கார்ன்வாலிஸ் பிரபு வங்கத்தில் நிரந்தர நிலவரித் திட்டத்தை நிறுவினார். வரி வசூலித்துக் கொடுத்தவர்கள் நிலத்துக்கு உடையவர்கள் ஆயினர். உழுதவன் குடியானவன் என்ற பெயரோடு நின்றான். தம் நாட்டு நிலப்பிரபுவைப் போல் ஒரு வகுப்பை இங்கேயும் உண்டாக்கிவிடலாம் என்பது அவர்கள் எண்ணம். எட்வர்டு கிளைவ் ஆளுகையில், 1802இல், அதே திட்டம் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1904ஆம் ஆண்டுச் சட்டம் ஜமீனைப் பங்கு போடலாகாது என்று உறுதி செய்தது. ஆக, நாம் திரையில் கண்டு சிரிக்கும் இங்கிலாந்துப் பிரபுவுக்கு இங்கே ஒரு தம்பி உண்டு. அத்தம்பியைத் திரையில் நாம் எப்படி நடத்தினோம் என்பதே இக்கட்டுரையின் வழக்கு.

இந்நகரத்துக் கலைஞர் தந்த படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம். சத்யஜித் ராயின் ‘ஜல்சாகர்’ 1958இல் வெளிவந்தது. தாராசங்கர் பந்தோபாத்தியாயரின் கதை. முர்ஷிதாபாத் மாவட்டத்தில், பத்மா நதிக்கரையில், நிம்தீதா என்னும் ஊரின் பழைய மாளிகையில் படமாக்கினார்கள். தாராசங்கர் மனத்தில் வைத்து எழுதிய ஜமீன்தார் வாழ்ந்ததும் அம்மாளிகையே என்று பின்னர்த் தெரியவந்ததாம். ஜமீன்தார் விசுவம்பர ராயாக சபி பிஸ்வாஸ் நடித்தார். ஆறு நிலத்தைத் தின்கின்றது. கடன் நகையைத் தின்கின்றது. அவரோ இசைக் கச்சேரியை நிறுத்துவதில்லை. கச்சேரிக்கென்று வரவழைத்த மனைவியும் மகனும் புயலில் ஆற்றோடு போகின்றனர். கடைசியில், வட்டிக்கடைக்காரர் மகன் மகிமை வென்றுகாட்டுவதற்காக, மிஞ்சிய பணத்தையும் ஓர் இரவு நடனத்துக்குச் செலவிடுகின்றார். நடனமாதுக்கு முதலில் பரிசளிக்க நீண்ட மகிமின் கையை ஜமீன்தாரின் கைத்தடி பற்றி இழுத்து நிறுத்தும் காட்சியில், அரங்கில் பெருமூச்சு எழுவதைக் கேட்டிருக்கின்றோம்.

மகத்தான படம். ஐயமில்லை. ஆனாலும் ஓர் எழுத்தனின் கண்கொண்டு அதைப் பார்த்தவர் எத்தனை பேர்? படத்தின் தொடக்கத்தில் மொட்டைமாடியில் அமர்ந்திருக்கும் ஜமீன்தார், இது என்ன மாதம் என்று வேலையாள் அனந்தனைக் கேட்கின்றார். காலத்தை மறந்த துயரம் என்று அறிஞர்கள் இதை வியப்பார்கள். நமக்கோ வேறு எண்ணம் தோன்றியது: மாதம் எதுவென்று தெரியாமல் வாழ்வதற்குச் சம்பள நாளை எதிர்பாராத பிறப்பு வேண்டும்! பெட்டியில் பணமில்லை என்று மன்றாடும் காரியஸ்தர் தாராபிரசன்னரைக் கவனியுங்கள். அவரும் அனந்தனும் கடைசி வரையில் அங்கேயே கிடக்கின்றனர். அவ்விருவருக்கும் எத்தனை மாதச் சம்பளம் பாக்கி? கடைசிப் பொற்காசு நடனமாதின் தட்டில் விழுந்தபோது அது யாருடைய கூலி? நாம் படித்த விமர்சனம் எதிலும் இக்கேள்வியைக் காணவில்லை. ராய் ஜமீன்தாரை எள்ளவும் செய்தார், இரங்கவும் செய்தார், இரக்கமே விஞ்சியது. புதுப்பணக்காரர் மகிமை மட்டும் முழுதாக எள்ளினார். பணம் இருந்தால் பழையதாக இருக்கவேண்டும் என்பது அதன் உட்பொருள் ஆகிவிடவில்லையா? வங்காளி அன்பர்கள் நம்மீது சினம் கொள்ளவேண்டா. நம் வீட்டுக் குப்பையை நோக்க, இது மல்லிகைப் பூ.

ஏனெனில் தமிழ்த் திரை இரங்கியதோடு நிற்கவில்லை. கும்பிட்டு விழுந்தது.

தொடக்கத்தில் அவ்வாறில்லை என்பதையும் சொல்லவேண்டும். 1954இல் ‘ரத்தக்கண்ணீர்’ படத்தில் எம்.ஆர். ராதா, சீமையிலிருந்து திரும்பிய செல்வச் சீமானை நம்முன் நிறுத்தி, அவன் ஆங்கிலத்தையும் ஆணவத்தையும் சேர்த்தே தோலுரித்தார். 1964இல் ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’யில், எஸ்டேட் முதலாளியாகிய பாலையா, முத்துராமன் போட்ட கோடீசுவரர் வேடத்தின் முன்னே கூழைக்கும்பிடு போட்டுக் குழையும் காட்சிகளை நினைந்தால் இன்றும் சிரிப்பு வருகின்றது. செல்வம் என்பது வெள்ளைத் தலைமுடியும் மிடுக்கான இருமலும் இருந்தால் போதும், யாரும் அணிந்துகொள்ளலாம் என்று அப்படம் நிறுவியது. 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தின் சிங்கபுரம் மைனரை மறக்கமுடியுமா? மைனர் என்ற சொல்லே வாரிசுரிமையின் கொடை. பட்டத்துக்குரிய பிள்ளை வயது வராதவனாயின் அரசினர் ஜமீனை ஏற்று நடத்துவர். அவனோ மைனர் என்ற பெயரோடு வளைய வருவான். சென்னையில் நியூயிங்டன் மாளிகையில் இத்தகைய பிள்ளைகளுக்கென்றே தனிப்பள்ளி நடந்தது. அதன் ஆங்கிலேயத் தலைவர் டி லா ஹே 1919இல் அங்கேயே சுட்டுக் கொல்லப்பட்டார். சட்டச் சொல் ஒன்றைத் தறுதலைக்குப் பெயராக்கிய தமிழ் மக்களின் நகைச்சுவை உணர்வை எவ்வளவு பாராட்டினாலும் தகும்.

அந்த நகைச்சுவை எங்கே போயிற்று? 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிந்தது. மேற்கு வங்கத்தில் 1953ஆம் ஆண்டுச் சட்டம். ஏட்டில் ஒழிந்த ஜமீன் நாற்பதாண்டு கழித்துத் திரையில் முடிசூட்டிக்கொண்டது. 1992இல் ‘சின்ன கவுண்டர்’, 1993இல் ‘எஜமான்’, 1994இல் ‘நாட்டாமை’. தலைப்புகளே போதும். ‘நாட்டாமை’யில் தீர்ப்புச் சொல்லும் உரிமை தந்தையிடமிருந்து மகனுக்கும், அண்ணனிடமிருந்து தம்பிக்கும் இறங்குகின்றது. ஊரார் கைகட்டி நிற்கின்றனர். பிறப்பினால் மட்டுமே சட்டமியற்ற வந்து உட்கார்ந்த பிரபுக்களில் பெரும்பாலோரை 1999இல் இங்கிலாந்தே எழுப்பி அனுப்பியது; 92 பேரை மட்டும் விட்டுவைத்தது. அவர்களைக் கண்டு சிரிக்கும் நாம், பிறப்பினால் மட்டுமே நீதி வழங்க வந்து உட்கார்ந்தவருக்குச் சீட்டி அடித்தோம்!

இவற்றுக்கெல்லாம் சிகரம் 1995இல் வந்த ‘முத்து’. கதாநாயகன் ஜமீன் வீட்டு வண்டிக்காரன். உழைப்பாளி, நல்லவன், வாக்குத் தவறாதவன். சரி, ஒரு வண்டிக்காரனைக் கொண்டாடுகிறார்களே என்று நாம் மகிழ்வதற்குள், அவன்தான் ஜமீனின் உண்மை வாரிசு என்று வெளியாகின்றது. அவன் தந்தை சொத்தைத் துறந்து சென்ற தியாகியாம். நல்ல குணத்துக்குக் காரணம் உழைப்பன்று, இரத்தம் என்று ஆயிற்று. 1965இல் ‘எங்க வீட்டுப் பிள்ளை’யும் இதைத்தான் செய்தது: சாட்டையைப் பிடுங்கிய ஏழை இளைஞன், ஜமீன் வாரிசின் இரட்டைப் பிறவியாகவே இருக்க நேர்ந்தது. ‘முத்து’ 1998இல் ஜப்பானில் திரையிடப்பட்டபோது அவர்கள் அதற்குச் சூட்டிய பெயரின் பொருள் ‘ஆடும் மகாராஜா’. ஜப்பானியர் கூர்மையானவர்கள், வண்டிக்காரனை வைத்து எடுத்த படமன்று அது என்பதைப் புரிந்துகொண்டார்கள்.

சினிமா என்பது பொழுதுபோக்கு, ஏழை கனவு காண்பதில் என்ன தவறு என்று நண்பர்கள் கேட்கின்றனர். கனவு காணட்டும். ஆனால் அது யாருடைய கனவு? கல்கத்தாவுக்கு நாம் எவ்வாறு வந்தோம் என்பதைச் சற்றே நினைத்துப் பாருங்கள். தட்டச்சும் சுருக்கெழுத்தும் தேறிய சான்றிதழ், ஒரு தகரப் பெட்டி, லேக் மார்க்கெட் பக்கத்தில் மெஸ்ஸில் ஒரு கட்டில். நம் தந்தையரும் பாட்டன்மாரும் வாரிசுகளாக இருந்திருந்தால் ஹௌரா நிலையத்தில் ஏன் இறங்கினார்கள்? சொத்து இல்லாமையே அன்றோ நம்மை இங்கே கொண்டுவந்தது.

எனினும் நம் பேச்சு எப்படியிருக்கின்றது? எம் பாட்டனார் தஞ்சை மாவட்டத்து மிராசுதார் ஒருவரிடம் கணக்குப்பிள்ளை. எம் தந்தையாரோ, இங்கே பக்கத்து வீட்டு வங்காளி அன்பரிடம், “ஊரில் எங்களுக்கு நிலபுலன் உண்டு” என்று பெருமை பேசுவார். நிலம் இருந்தது உண்மை. அதன் கணக்குத்தான் எங்களுடையது. அப்பொய்யை யாமும் பல்லாண்டு சொல்லி வந்தோம். பெண் பார்க்கப் போன இடத்திலும் சொன்னோம். யாரும் சோதித்துப் பார்க்க ஆயிரம் மைல் போகமாட்டார்கள் என்னும் துணிவு. புலம்பெயர்ந்தவன் தனக்கென ஒரு ஜமீனைக் கற்பனை செய்துகொள்கின்றான். திரைப்படம் அதற்குப் பட்டா எழுதித் தருகின்றது. நிம்தீதா மாளிகைக் காரியஸ்தரைக் கண்டபோதுதான் எம் பாட்டனார் நினைவுக்கு வந்தார். அதன் பின்னர் அந்தப் பொய்யை விட்டோம்.

எழுத்தர் வீட்டு வாரிசுரிமை எப்படிப்பட்டது என்பதை நாள்தோறும் மேசையில் காண்கின்றோம். பணியிலிருக்கும்போதே ஒருவர் இறந்தால், அவர் மகனோ மகளோ மனைவியோ கருணை அடிப்படையில் வேலை கேட்கலாம். நேரடியாக நிரப்பும் இடங்களில் நூற்றுக்கு ஐந்துக்கு மேல் இதற்குக் கிடையாது. விண்ணப்பித்தவர் தம் வறுமையை மெய்ப்பிக்கவேண்டும்: எத்தனை கடன், வீடு சொந்தமா, மணமாகாத பெண்கள் எத்தனை பேர். தந்தையின் மர நாற்காலியைப் பெற ஏழ்மைக்குச் சான்று வேண்டும். ஜமீனைப் பெறுவதற்குப் பிறந்த சான்று ஒன்றே போதும். இறந்தார் சொத்தின்மீது 1953இல் விதித்த வரியையும் 1985இல் நம் அரசு நீக்கிவிட்டது. பிரபுக்களின் தாயகமாகிய இங்கிலாந்தில் குறித்த அளவுக்கு மேற்பட்ட சொத்துக்கு நூற்றுக்கு நாற்பது என்று வரி இருக்கின்றது. சந்து பொந்துகள் அங்கும் உண்டு. ஆனாலும் சட்டம் இருக்கின்றது. அவர்களைப் பார்த்துச் சிரிக்கும் முன் இதையும் எண்ணிக்கொள்ளலாம்.

இது மேல்நாட்டுச் சரக்கு, தமிழ் மரபு மூத்தோரைப் போற்றுவது என்பார்க்கு ஒரு சொல். புறநானூற்றின் 183ஆம் பாட்டைப் பாடியவன் ஒரு பாண்டியன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். ஒரு குடியில் பிறந்த பலருள்ளும் மூத்தவனை வருக என்று அழையாமல் அறிவுடையோன் வழியில்தான் அரசும் செல்லும் என்கின்றான். பட்டத்துக்குரிய வாரிசு ஒருவன் தன் பட்டத்துக்கே எதிராகச் சாட்சி சொன்ன இப்பாட்டைச் சங்க விழாக்களில் ஒப்புவிக்கப் பிள்ளைகளுக்குப் பரிசு தருகின்றோம். பரிசளிப்பு முடிந்ததும் அதே மேடையில் திரை கட்டி, எஜமான்களைக் காட்டுகின்றோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நம் சங்கத்துப் பொங்கல் விழாவில் ‘முத்து’ திரையிடப்பட்டது. நல்ல கூட்டம், நல்ல சீட்டி. முடிந்தபின் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, இங்கேயே பிறந்து வங்காளமும் படிக்கும் பத்து வயதுச் சிறுமி ஒருத்தி அருகில் வந்து கேட்டாள்: “மாமா, முத்து நல்லவர்னு முதல்லயே தெரியுமே. அப்புறம் எதுக்கு அவரை ஜமீன்தார் ஆக்கினாங்க?” நமக்கு விடை தோன்றவில்லை. ‘நேரமாயிற்று, அம்மா தேடுவாள்’ என்று சொல்லி அனுப்பிவைத்தோம்.

இவ்வாண்டுக்குக் ‘காதலிக்க நேரமில்லை’யைப் போடலாம் என்று செயற்குழுவில் எழுதிக் கொடுத்திருக்கின்றோம். பழைய படம், கூட்டம் சேராது என்று மூத்த உறுப்பினர் ஒருவர் மறுத்துள்ளார். மற்றொருவர் ‘நாட்டாமை’ என்றார். அடுத்த கூட்டத்தில் வாக்கெடுப்பு. அச்சிறுமியின் தாயாரும் இப்போது செயற்குழுவில் இருக்கின்றார்.